வாயில் கொழுக்கட்டை: ஒரு பக்கம் மட்டும் பெருத்த டான்சிலை எப்போது எடுத்துப் பார்ப்பது?

அவருக்கு வயது 54. மதுரையில் பூக்கட்டி விற்பவர். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

அவராக வரவில்லை, மகள்தான் இழுத்து வந்தார். "அம்மா பேசுறதே ஒரு மாதிரியா இருக்கு டாக்டர். வாயில கொழுக்கட்டையை அடக்கி வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி." எங்கள் பாடப்புத்தகங்கள் இந்தக் குரலைச் சூடான உருளைக்கிழங்கோடு ஒப்பிடும். மகள் சொன்ன கொழுக்கட்டைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தொண்டையின் பின்வாசலில் ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு மாதமாகக் குரல் இப்படி. வாழ்நாளில் குறட்டையே விடாதவர், இப்போது பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுகிறார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காதுக் குத்தலும் இல்லை. "வலியே இல்லையே டாக்டரம்மா, அப்புறம் எதுக்குப் பயப்படணும்?" என்று அவரே என்னைக் கேட்டார். எடை குறைந்ததா என்றால் தெரியாது என்றார். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதால் இரண்டு முறை பிடித்துத் தைத்தோம் என்று மகள் சொன்னார். எடை இயந்திரம் வீட்டில் இல்லாதவர்களிடம் ஜாக்கெட்டையும் வளையலையும் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். வெற்றிலை பாக்கு எப்போதாவது உண்டு, புகையிலை சேர்ப்பதில்லை. (பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. "புகையிலை இல்லாமத்தான் போடுறேன்" என்பதை யாரும் தள்ளுபடியாகக் கொள்ள வேண்டாம்.)

மஞ்சப்பையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார் மகள். இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். முதல் சீட்டில் ஆன்டிபயாட்டிக் மட்டும், பலனில்லை. இரண்டாவதில் வேறொரு ஆன்டிபயாட்டிக்கோடு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. "அந்தக் குட்டி மாத்திரை சாப்பிட்டப்ப நல்லா வடிஞ்சிருச்சு. நிறுத்திப் பத்து நாள்ல பழையபடி வந்து நின்னுருச்சு" என்றார் அம்மா. மருந்து கேட்கிறது, அப்படியென்றால் சாதாரண வீக்கம்தான் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்தியது. நிணநீர்த் திசுவில் வரும் புற்றுநோயான லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குக் கரையும். அதன் சிகிச்சைக் கூட்டு மருந்துகளிலேயே ஸ்டீராய்டு ஒன்று. ஆக, மாத்திரையில் வடிந்து மறுபடி வீங்கியது என்பது கிருமித் தொற்றுக்குச் சான்றாகாது; சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது சதையெடுத்துச் சோதித்தால் நோயுள்ள செல்கள் செத்துக் கிடந்து, முடிவு ஒன்றுமில்லை என்று வரலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க டான்சில் பெருத்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால், தயவுசெய்து ஸ்டீராய்டு எழுதிவிட்டு அனுப்பாதீர்கள். நோயாளி மூன்று வாரம் நிம்மதியாக இருப்பார். நோயும்தான்.

வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கை அழுத்தும் பட்டையை முன்பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் அழுத்தினால் ஓங்கரிக்கும். ஓங்கரிக்கும்போது டான்சில்கள் சுழன்று நடுவுக்கு வரும். சின்னதும் பெரிதாகத் தெரியும். அமைதியாக இருக்கும் தொண்டையில்தான் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். வலது டான்சில் மடிப்புக்குள் ஒதுங்கி இருந்தது. நாங்கள் போடும் நான்கு படிக் கணக்கில் முதல் படி, அதாவது தொண்டை வாசலின் அகலத்தில் கால் பங்குக்குள். இடது பக்கம் மூன்றாம் படி: பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு, உள்நாக்கை வலப்புறம் தள்ளிக்கொண்டு நின்றது. மேல்தோல் வழவழப்பாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. புண், வெடிப்பு, வெண்திட்டு எதுவும் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் இதைச் சாதாரண வீக்கம் என்று விட்டதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது விரல். கையுறை போட்டு, தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, இரண்டு டான்சிலையும் சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பாதிப்பேர் செய்வதில்லை. வலது பக்கம் இட்லி மாதிரி மெத்தென்று அமுங்கியது. இடது பக்கம் கல்லாக இல்லை. பள்ளிக்கூட அழிரப்பரைப் போலக் கெட்டியாக, அழுத்தினால் திமிறிக்கொண்டு இருந்தது. துடிப்பு இருக்கிறதா என்றும் கவனித்தேன். கழுத்துத் தமனி சிலருக்கு வளைந்து டான்சிலுக்குப் பின்னால் வந்து நின்று அதை முன்னே தள்ளும். அதில் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாது. இவருக்குத் துடிப்பில்லை.

கழுத்தில் இடது தாடைக்கோணத்தின் கீழே இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு நெறி. "நெறி கட்டியிருக்குன்னு தெரியும், டான்சில் இருந்தா நெறி கட்டத்தானே செய்யும்" என்றார் மகள். குழந்தைகளுக்கு அது சரி. பெரியவர் கழுத்தில், தொற்றுக்கான அறிகுறி இல்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் நெறியைப் புற்றுநோய் ஆபத்துள்ளதாகவே எண்ணிச் சோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டி. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல், கெட்டியாக, அசையாமல் இருப்பது ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு எடை சேர்க்கும். தொற்று இருப்பதாகத் தெரியாதபோது சும்மா ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

அதே வாரம் 19 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். செல்போன் டார்ச்சில் தன் தொண்டையைத் தானே படமெடுத்து, இடது டான்சில் பெரிதாக இருப்பதைக் கண்டு, இணையத்தில் தேடி, இரண்டு இரவு தூங்காமல் வந்திருந்தான். அவன் காட்டிய படத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. நேரில் பார்த்தபோது பாதி மறைந்தது, படமெடுக்கும்போது ஓங்கரித்திருக்கிறான். மீதி வித்தியாசம் குழியால் வந்தது. டான்சில் உட்காரும் குழி எல்லோருக்கும் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்காது. ஆழமான குழியில் இருப்பது ஒளிந்துகொள்ளும், ஆழமில்லாத குழியில் இருப்பது எட்டிப் பார்க்கும். எடுத்து நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது பலமுறை காணும் சங்கதி. அவனுக்கு விரலுக்கு இரண்டும் மெத்தென்று இருந்தன, கழுத்தில் நெறி இல்லை, விழுங்கச் சிரமமில்லை. அளவைக் குறித்து வைத்துக்கொண்டு ஆறு வாரம் கழித்தும், பிறகு மூன்று மாதம் கழித்தும் வரச் சொன்னேன். மாறவில்லை. கத்தி வைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அளவு என்று சொன்னால் பாதிப் பதில்தான். டான்சில் பெருத்திருப்பதால் மட்டும் யாருக்கும் புற்றுநோய் ஆகிவிடாது; பெருத்ததோடு கூட வேறென்ன வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எடுத்த டான்சில்களையும் அடினாய்டுகளையும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் இதே வகைத் திசு) தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அதில் புற்றுநோய் இருந்தது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்படி இருந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு அறுவைக்கு முன்பே சந்தேகப்பட ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருந்தது: இரு பக்க வித்தியாசம், கழுத்து நெறி, டான்சிலின் தோற்றத்தில் கோளாறு. மாணவனிடம் அதில் ஒன்று, அதுவும் பாதி. அம்மாவிடம் வயது, சில வாரங்களில் வளர்ந்த வேகம், விரலுக்குத் தட்டிய கெட்டி, நெறி, தொளதொளத்த ஜாக்கெட், ஸ்டீராய்டுக்கு வடிந்து திரும்பிய வீக்கம் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து நின்றன.

நெறியில் ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்த்தோம். முடிவு: தொற்றால் வந்த நெறி போலத் தெரிகிறது, புற்றுச் செல்கள் இல்லை. குடும்பமே குளிர்ந்துவிட்டது. "ஊசி டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சே, அப்புறம் ஏன் ஆபரேஷன்?" என்றார் மருமகன். கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் ஊசிச் சோதனை, தோல்படல வகைப் புற்றை (வாய், தொண்டையின் உட்பரப்புப் படலத்தில் தொடங்குவது) பிடிக்குமளவுக்கு லிம்ஃபோமாவைப் பிடிக்காது. முன்னதில் அந்நியச் செல் ஒன்று நெறிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும், அகப்பட்டால் கதை முடிந்தது. லிம்ஃபோமாவிலோ நெறியின் சொந்தச் செல்களே கெட்டுப்போகின்றன. அவை எப்படி அணிவகுத்திருக்கின்றன என்பதைத் திசுவை முழுசாக வைத்துப் பார்த்தால்தான் நோயியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியும். மருமகனிடம் நான் சொன்னது: "ஒரு கைப்பிடி உதிரிப்பூவைக் காட்டி இது மாலையா சரமான்னு கேட்டா அத்தையாலேயே சொல்ல முடியுமா?" அத்தை சிரித்துவிட்டார். அதன்பிறகு பேச்சு எளிதாக நடந்தது.

திசுக்களைப் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில் இடது டான்சில் ஒரே சீராகப் பெருத்திருந்தது. பின்னால் வேறு கட்டி ஏதும் அதைத் தள்ளவில்லை. கழுத்துத் தமனி தன் இடத்தில் இருந்தது. இதைப் பார்க்காமல் கத்தியைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. டான்சில் பெருத்தது போலத் தோன்றி, உண்மையில் உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்மடலில் வளர்ந்த கட்டி அதை முன்னே தள்ளியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நோயாளிக்கு டான்சிலை எடுத்து என்ன பயன்?

முழுசாக எடுப்பதா, ஒரு துண்டு கிள்ளிப் பார்ப்பதா? டான்சிலின் மேல் கண்ணுக்குத் தெரியும் புண்ணோ பூத்த கட்டியோ இருந்தால் முழுசாக எடுக்கக் கூடாது என்பேன். ஒரு துண்டு போதும், நோய் அதிலேயே தெரிந்துவிடும். நன்கு தெரியும் புற்றை வெறும் டான்சில் அறுவையாகத் தோண்டி எடுத்தால், பிறகு சுற்று எல்லையோடு முறையாக அகற்ற வருகிறவருக்கு எல்லையே குழம்பிப்போகும். மேல்தோல் வழவழப்பாக இருந்து, சந்தேகம் உள்ளே இருக்கும்போதுதான் முழு டான்சில் தேவைப்படுகிறது. கிள்ளிய துண்டில் மேற்பரப்பு மட்டும் வந்து, உள்ளே இருப்பது தப்பிவிடும். தோல்படலப் புற்றும் இப்படி ஒளிவது உண்டு. டான்சிலின் உடம்பு முழுக்கக் கிளைத்த சந்துகள். எச்பிவி வைரஸால், பெரும்பாலும் அதன் 16-ஆம் வகையால், வரும் புற்று அந்தச் சந்துகளின் அடியில் சில மில்லிமீட்டர் அளவில் இருந்துகொண்டே கழுத்தில் பெரிய நெறியை அனுப்பிவிடும். கழுத்து நெறியில் புற்று உறுதியாகி, மூலம் எங்கே என்று எந்த ஸ்கேனிலும் தெரியாதபோது டான்சிலை எடுத்துத் தேடுவது அதனால்தான். அங்கே டான்சில் பெருத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

எங்கள் ஊரில் இன்னொரு பெயரையும் மறக்க முடியாது: டிபி. டான்சிலில் டிபி அபூர்வம், இருந்தாலும் ஒரு பக்க வீக்கம், கழுத்து நெறி, இளைப்பு என்று அச்சாக இதே வேஷத்தில் வரும். ஆகவே எடுத்துப் பார்க்கிறோம் என்று வீட்டாரிடம் சொல்லும்போது "கேன்சரான்னு பார்க்க" என்று மட்டும் நான் சொல்வதில்லை.

"கத்தி வச்சா பரவிரும்னு சொல்றாங்களே?" இது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. கத்தியால் பரவாது, தாமதத்தால் பரவும் என்று சொன்னேன். அறுவையின் உண்மையான ஆபத்தை மறைக்கவில்லை. அது ரத்தக்கசிவு. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04-ல் நடத்திய பெருங்கணக்கெடுப்பில், டான்சில் எடுத்தவர்களில் சுமார் 3.5% பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. நூற்றில் ஒருவர் அளவுக்கு மறுபடி அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு இது குழந்தைகளைவிட அதிகம். அந்த மாணவனுக்குக் கத்தி வைக்காததற்கும் இதே கணக்குதான் காரணம்.

வலது பக்கத்தை விட்டுவிட்டு இடதை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் எடுப்பவர்கள் உண்டு. சந்தேகமே இல்லாத பக்கத்துக்குப் புண்ணும் வலியும் எதற்கு என்பது என் கட்சி.

அறுவையைவிட அதற்கு முந்தின நாள் நான் செய்த ஒரு போன்தான் முக்கியம். சில வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் இதே சந்தேகத்தோடு ஒரு டான்சிலை எடுத்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டுத் தையலில் கவனமாக இருந்தேன். அரங்கில் இருந்தவர் எப்போதும்போல ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) பாட்டிலில் போட்டு மூடிவிட்டார். அவர் பிழை இல்லை; நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஃபார்மலினில் விழுந்த திசுவில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் சோதனை) செய்ய முடியாது. டிபிக்கான வளர்ப்புச் சோதனையும் போச்சு. முடிவு வர இரண்டு வாரம் கூடுதலாக ஆனது, நோயாளி அதுவரை காத்திருந்தார். அதிலிருந்து முந்தின நாளே நோயியல் மருத்துவரைக் கூப்பிட்டு "நாளைக்கு ஒண்ணு பச்சையா வருது" என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை கத்தியாலும் கொக்கியாலும் மட்டும் பிரித்தெடுத்தேன். மின்சூட்டுக் கருவியைத் திசுவின் பக்கம் கொண்டுபோகவில்லை. கருகின ஓரத்தை வைத்து யாராலும் எதுவும் படிக்க முடியாது. மேல்முனையில் ஒரு தையல் அடையாளம். உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, மூடியுள்ள கிண்ணத்தில் வைத்து, ஆளிடம் கொடுத்து கையோடு அனுப்பினேன். அங்கே குறுக்கே அறுத்தபோது உள்ளே சந்துகளே தெரியவில்லையாம். மீன் சதை போல வெளிறி, ஒரே சீராக இருந்தது என்றார் நோயியல் மருத்துவர். அறுத்த முகத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி எடுத்தார். ஒரு பங்கு ஃப்ளோவுக்கு, ஒரு பங்கு டிபி சோதனைக்கு, மீதி ஃபார்மலினுக்கு.

எட்டாம் நாள் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம். "டாக்டர், எடுத்த இடத்துல வெள்ளையா சீழ் பிடிச்சிருக்கு." சீழ் இல்லை, ஆறும் புண்ணின் மேல் படியும் ஏடு. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அது உரியும், அப்போதுதான் ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம். ரத்தம் வந்தால் வாய் கொப்பளித்துக்கொண்டு இருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்ததை மறுபடி சொன்னேன். ரத்தம் வரவில்லை.

முடிவு மறுநாள் வந்தது. பெரிய பி-செல் லிம்ஃபோமா, பரவலான வகை (செல்கள் திசுவுக்குள் பரந்து கிடக்கும் விதத்தைச் சொல்வது, உடம்பெங்கும் பரவியது என்றல்ல). பெரியவர்களின் டான்சிலில் வரும் லிம்ஃபோமாக்களில் அடிக்கடி காண்பது இதுதான். பி-செல்களின் அடையாளப் புரதமான சிடி20 நேர்மறை. செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 சுமார் 80%. டிபி இல்லை. எச்ஐவி சோதனை முன்பே செய்திருந்தோம், இல்லை. பெட் ஸ்கேனில் இடது கழுத்து நெறிகள் மட்டும் ஒளிர்ந்தன, உதரவிதானத்துக்குக் கீழே எதுவுமில்லை: இரண்டாம் நிலை.

இதற்கு மேல் என் வேலை குறைவு. ரத்தப் புற்றுநோய் மருத்துவர் இதயத்தை எக்கோவில் பார்த்து, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று சோதித்துவிட்டு (கூட்டில் உள்ள ரிடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்தால் பதுங்கியிருக்கும் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளலாம்), லிம்ஃபோமாவுக்கான ஆர்-சாப் கூட்டு மருந்தை 21 நாளைக்கு ஒன்றாக ஆறு முறை கொடுத்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான காகிதங்களோடு மருமகன் அலைந்தார். "ஏன் ஆபரேஷன்?" என்று கேட்ட அதே மருமகன்தான்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் வந்தபோது குரல் கணீரென்று இருந்தது, முடி மறுபடி வளர்ந்து மல்லிகைச் சரம் வைக்குமளவுக்கு வந்திருந்தது. வாயைத் திறந்தார். இடது பக்கம் வெறும் குழி, வலது பக்கம் அந்தப் பழைய டான்சில்.

"இந்தப் பக்கத்தையும் எடுத்துரலாமா டாக்டரம்மா? எதுக்கு வம்பு?"

கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியது. கழுத்தில் நெறி இல்லை.

"இருக்கட்டும்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றேன்.